தொட்டிச் செடிக்கு முதலில் தண்ணீரைப் பாருங்கள், மண்ணை அப்புறம் பார்க்கலாம்

நீங்கள் கேட்டதைச் சுருக்கி எழுதிவிட்டே ஆரம்பிக்கிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். பாளையங்கோட்டையில் பெருமாள்புரம் பக்கம் வீடு. மொட்டை மாடியில் 30 பைகள். மைத்துனர் வயலிலிருந்து, கயத்தாறுப் பக்கம், மூட்டை மூட்டையாகக் கரிசல் மண் வந்தது. அதில் பாதிக்குப் பாதி சாணி எருவைக் கலந்து நிரப்பிவிட்டீர்கள். தண்ணீர் வீட்டு போர்வெல். சாயங்காலம் ஒவ்வொரு பைக்கும் ஒரு செம்பு. தக்காளி பூத்துப் பூத்து உதிர்கிறது, பிச்சிச் செடியின் துளிர் நரம்பு மட்டும் பச்சையாக, மற்றதெல்லாம் மஞ்சளாக வருகிறது, கடைக்காரர் சொன்னார் என்று டிஏபி (தழைச்சத்தும் மணிச்சத்தும் உள்ள ரசாயன உரம்) போட்டதில் இலை ஓரமெல்லாம் கருகிவிட்டது. கரிசலைக் கொட்டிவிட்டு முழுக்கக் கோகோபீட்டுக்கு (தென்னை நார்த்தூள்) மாறலாமா, எந்த உரம் நல்லது, சொட்டுநீர் போட்டால் சரியாகிவிடுமா? கடைசியாக, அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த கறிவேப்பிலை ஏன் அப்படியே நிற்கிறது?

“அண்ணாச்சி, ஒரே மூச்சில் சொல்லுங்கள்” என்கிறீர்கள். ஒரே மூச்சில் வராது. ஆனால் இத்தனை கேள்விக்கும் வேர் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. நீங்கள் மண்ணைப் பற்றிக் கேட்டீர்கள், உரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். போர்த் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தைதான் எழுதியிருக்கிறீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்குவேன். எந்தத் தண்ணீர் என்று தெரிந்தால்தான் எந்தக் கலவை என்று சொல்ல முடியும். கலவை தெரிந்தால்தான் உரம்.

நம்ம ஊரில் இது மற்ற ஊர்களைவிட முக்கியம். ஒரே தெருவில் ஒரு வீட்டில் தாமிரபரணிக் குழாய்த் தண்ணீர், அடுத்த வீட்டில் போர். இரண்டும் தண்ணீர்தான், செடிக்கு இரண்டும் ஒன்றல்ல. ஆற்றுத் தண்ணீர் மென்மையானது, உப்பு குறைவு. போர் இடத்துக்கு இடம் மாறும். ஆற்றங்கரைப் பக்கம் பரவாயில்லாமல் இருக்கும், திசையன்விளை, ராதாபுரம் என்று தெற்கே போகப் போக வாயில் வைக்க முடியாத போர்களும் உண்டு. தண்ணீரில் கரைந்த உப்பை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும் டிடிஎஸ் மீட்டர், பேனா மாதிரி ஒன்று, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. உரம் வாங்குவதற்கு முன்னால் அதை வாங்குங்கள். 500-க்குள் காட்டினால் கவலை இல்லை. 500-லிருந்து 1,000 வரை சமாளிக்கலாம், கலவையும் ஊற்றுகிற முறையும் சரியாக இருக்க வேண்டும். 1,500-ஐத் தாண்டினால் பையில் காய்கறி வளர்ப்பது பெரும்பாடு.

என் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன். குழாய்த் தண்ணீர் 200-ஐத் தாண்டியதில்லை. போர் 1,400. இந்த 1,400 என்பது என்ன? ஒரு லிட்டரில் கிட்டத்தட்ட 1.4 கிராம் உப்பு. கோடையில் ஒரு தக்காளிப் பை நாளைக்கு 2 லிட்டர் குடிக்கிறது என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 2.8 கிராம், ஒரு மாதத்துக்கு 84 கிராம். செடி தண்ணீரைக் குடிக்கும், உப்பில் கொஞ்சத்தைத்தான் எடுத்துக்கொள்ளும், மீதியைப் பையிலேயே விட்டுவிடும். வயலில் இது தெரியாது, மழை வந்தால் கீழே இறங்கிவிடும். 20 லிட்டர் பையில் அது எங்கே போகும்? மண் தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதே, அதில் கொஞ்சம் இருக்கிறது. மீதி வேரைச் சுற்றி. உங்கள் டிஏபி அந்த உப்போடு சேர்ந்த இன்னொரு உப்பு. இலை ஓரம் கருகியதற்குக் கடைக்காரரை மட்டும் திட்டிப் பயனில்லை, பை ஏற்கெனவே நிறைந்திருந்தது.

எனவே போர்த் தண்ணீர்க்காரர்களுக்கு முதல் விதி: ஊற்றினால் அடியில் ஒழுகும்வரை ஊற்ற வேண்டும். ஊற்றியதில் ஐந்தில் ஒரு பங்காவது வெளியே வர வேண்டும், அந்தத் தண்ணீரோடு உப்பும் வரும். நீங்கள் ஊற்றுகிற அந்த ஒரு செம்பு இருக்கிறதே, அதுதான் எல்லாவற்றிலும் கெட்டது. மேல் மண் நனைகிறது, மனசுக்கும் திருப்தி, அடி வேர் காய்கிறது, உப்பு ஒரு துளியும் வெளியேறாது. தினமும் ஒரு செம்பு ஊற்றுவதைவிட ஒன்றுவிட்டு ஒருநாள் ஒரு வாளி ஊற்றுவது எவ்வளவோ மேல்.

இன்னொன்று, பலர் செய்வது: ஆர்ஓ மிஷினின் கழிவுத் தண்ணீர் வீணாகிறதே என்று செடிக்கு ஊற்றுவது. மிஷின் பிரித்தெடுத்த உப்பெல்லாம் அந்தக் குழாயில்தான் வருகிறது. தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது மண்.

கரிசல் மோசமான மண் இல்லை. கோவில்பட்டி, எட்டயபுரம் காட்டில் மானாவாரியாகப் பருத்தியும் உளுந்தும் விளைவது அதன் ஈரம் பிடிக்கும் குணத்தால்தான். ஆனால் அந்தக் குணமே பையில் எதிரி. கரிசல் நனைந்தால் ஊதிப் பெருக்கும், காய்ந்தால் சுருங்கும். காட்டில் கால் நுழைகிற அளவுக்கு வெடிப்பு விடும், பார்த்திருப்பீர்கள். பையில் சுருங்கும்போது நடுவில் கட்டியாகி, பை ஓரமாக ஒரு விரல் இடைவெளி விட்டுவிடும். நீங்கள் ஊற்றுகிற தண்ணீர் அந்த இடைவெளி வழியாக இறங்கி அடியில் ஒழுகும். “நன்றாக வடிகிறது” என்று நினைப்பீர்கள். நடு மண் காய்ந்த செங்கல்லாக இருக்கும். சந்தேகமாக இருந்தால் ஒரு பையை ஊற்றிய அரைமணி கழித்துக் கவிழ்த்து, மண் உருண்டையை நடுவில் உடைத்துப் பாருங்கள்.

ஆற்றங்கரை வயல் மண்ணும் இதே கதைதான். நாற்று நட உழவடித்த மண் பையில் பாளமாக இறுகிவிடும். தேரி மணல் நேர் எதிர். திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துச் சிவப்பு மணல் அழகாக இருக்கும், ஆனால் தண்ணீரையும் பிடிக்காது, சத்தையும் பிடிக்காது. போதாததற்கு நைசாக வேறு இருப்பதால் கலவையில் போட்டால் இடுக்கையெல்லாம் அடைத்துவிடும். வடிகாலுக்கு மணல் வேண்டுமென்றால் பருமணல்தான் வேண்டும். எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்த மணல்) கிடைத்தால் சல்லடையில் போட்டுத் தூளை நீக்கிவிட்டு மேலே நிற்பதை மட்டும் எடுங்கள்.

பையின் அடியில் ஜல்லி போட்டால் வடியும் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் பல வருஷம் போட்டேன். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை எடுத்து, தண்ணீரில் முக்கி, படுக்கை வாட்டில் தூக்கிப் பிடியுங்கள். சொட்டிச் சொட்டி நின்றுவிடும். இப்போது அதையே பிழியாமல் நெட்டுக்குத்தாகத் திருப்புங்கள். மறுபடி தண்ணீர் வழியும். ஸ்பாஞ்ச் அதேதான், உயரம்தான் கூடியிருக்கிறது. எந்தக் கலவையும் தன் அடிப்பாகத்தில் ஒரு பட்டை அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அது கீழே இறங்காது. அடியில் ஜல்லி போட்டால் அந்தப் பட்டை ஜல்லிக்கு மேலே ஏறி உட்காரும், அவ்வளவுதான். வேருக்கு மிஞ்சிய இடம் இன்னும் குறையும். அதனால் ஜல்லிக்குச் செலவழிக்கிற உயரத்தைக் கலவைக்குக் கொடுங்கள். ஓட்டையை மூட ஒரு ஓட்டுச் சில்லோ கொசுவலைத் துண்டோ போதும். இதே காரணத்தால்தான் கீரைத் தட்டு மாதிரித் தாழ்ந்த பாத்திரங்களுக்கு இன்னும் கரடுமுரடான கலவை வேண்டும், உயரமான பைக்குக் கொஞ்சம் நைசாக இருந்தாலும் தாங்கும்.

கோகோபீட். நம்ம பக்கம் தென்னை நார்க்கழிவுக்குப் பஞ்சமே இல்லை, நார் மில்லுக்குப் பின்னால் மலை மாதிரிக் குவிந்து கிடக்கும். தன் எடையைப்போல ஏழெட்டு மடங்கு தண்ணீர் பிடிக்கும், எடை குறைவு, மாடிக்கு வரப்பிரசாதம். ஆனால் மூன்று விஷயம். முதலாவது, கழுவாத நார்த்தூளில் உப்பு இருக்கும். ஒருமுறை ஒரு கடையில் “ரெடி மிக்ஸ்” என்று வாங்கிவந்து அப்படியே நட்டேன், பத்தே நாளில் கத்தரி நாற்று முழுக்க நுனி கருகிப் போயிற்று. மிச்சமிருந்த மூட்டையை ஊறவைத்து, வடிந்த தண்ணீரில் மீட்டரை முக்கினால் 3,000-க்கு மேல் காட்டியது. இரண்டாவது, அதில் சத்து என்று சொல்ல ஒன்றுமில்லை. மட்காத நார்த்தூள் நீங்கள் போடுகிற தழைச்சத்தையும் தன்பங்குக்கு இழுத்துக்கொள்ளும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் போட்டு அதை மட்கவைக்கும் முறையைச் சொல்கிறதே, அது இதற்குத்தான். கரிமச்சத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 112:1 என்பதிலிருந்து 24:1 என்று இறங்கிவிடும். மூன்றாவது, நார்த்தூள் சுண்ணாம்புச்சத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு சாம்பல்சத்தையும் சோடியத்தையும் விடும். தக்காளியின் அடிப்பக்கம் தோல் மாதிரிக் கருத்துப்போவது பெரும்பாலும் இப்படி வருகிற சுண்ணாம்புச்சத்துப் பற்றாக்குறைதான். அதற்குத் துணையாக ஒருநாள் காய்ச்சலும் மறுநாள் வெள்ளமுமாகத் தண்ணீர் விடுவது.

நான் செய்வது இப்படி. 5 கிலோ கட்டி ஒன்றைப் பெரிய டிரம்மில் போட்டுத் தண்ணீர் விட்டால் 70 லிட்டர் அளவுக்கு ஊதிவரும். அதை வெங்காயச் சாக்கில் அள்ளி வடியவிட்டு, மறுபடி ஊறப்போட்டு, இப்படி மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் வடிதண்ணீரை மீட்டரில் பார்ப்பேன். ஊற்றிய தண்ணீரைவிட 200, 300 கூடக் காட்டும்போது நிறுத்திவிடலாம். கடைசித் தடவை 10 லிட்டருக்கு 20 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்து, ஒரு ராத்திரி ஊறவிட்டு வடித்துவிடுவேன். இதற்கு மட்டும் குழாய்த் தண்ணீரைப் பயன்படுத்துங்கள், போரில் கழுவினால் உப்பைக் கொண்டு உப்பைக் கழுவுகிற கதையாகிவிடும். வடிகிற பழுப்புத் தண்ணீரை மாடியில் விடாதீர்கள், வெள்ளையடித்த சுவரில் இறங்கிய கறை எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது. அதைச் சொல்லிக் காட்ட ஒருவர் இருக்கிறார்.

முழுக்கக் கோகோபீட் வைக்கலாமா என்றால், வைக்கலாம், ஆனால் அது வேறு விவசாயம். தினமும் சத்துக் கரைசல் கொடுக்க வேண்டும், ஒருநாள் மறந்தால் செடி காட்டிவிடும். உங்கள் போரில் அது ஒத்துவராது. கொஞ்சமாவது மண் இருந்தால் அது தவறுகளைத் தாங்கும்.

என் கலவை, சாந்துச்சட்டிக் கணக்கில், எடை அல்ல. ஆற்றுத் தண்ணீர் என்றால் செம்மண் 3, கழுவிய நார்த்தூள் 3, நன்றாக மட்கிய எரு அல்லது மண்புழு உரம் 2, கருக்கிய உமி 2. உங்களைப் போலப் போர்த் தண்ணீர் என்றால் நார்த்தூளை 2 ஆகக் குறைத்து, கருக்கிய உமியும் பருமணலும் சேர்ந்து 3 ஆக்குங்கள். உப்பு தங்காமல் கழுவிக்கொண்டு போக வழி வேண்டும், அதற்குத்தான் இந்த மாற்றம். உமி அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கத்து அரிசி மில்லில் மூட்டைக் கணக்கில் கிடைக்கும். கருக்குவது என்றால் கறுப்பாக நிறுத்துவது. வெள்ளைச் சாம்பலாகிவிட்டால் அது வேறு பொருள், காரத்தன்மை கொண்டது, போர்த் தண்ணீர்க்காரர்கள் அந்தப் பக்கமே போகக்கூடாது. அடுப்புச் சாம்பலும் அப்படித்தான்.

உங்களிடம் இருக்கிற கரிசலைக் கொட்டவேண்டாம். பத்தில் ஒரு பங்காகக் கலவையில் சேருங்கள், சத்தைப் பிடித்துவைக்க அதற்கு இணை இல்லை. குளத்துக் கரம்பை என்கிற வண்டலையும் அதே அளவில் சேர்க்கலாம். மீதிக் கரிசலை மைத்துனருக்கே திருப்பி அனுப்புங்கள், மாடிக்கு அந்தக் கனம் ஆகாது. 12-க்கு 12 அங்குலப் பை சுமார் 22 லிட்டர் பிடிக்கும். அதில் நனைந்த மண் மட்டும் என்றால் 35 கிலோ தாண்டிவிடும். 30 பை என்றால் ஒரு டன். என் கலவையில் கிட்டத்தட்ட அதில் பாதிதான் வரும். சுவரை ஒட்டியும் தூணுக்கு மேலாகவும் வையுங்கள், நடுத் தளத்தில் குவிக்காதீர்கள்.

கலந்து நிரப்பியதும் உடனே நட வேண்டாம். ஈரப்படுத்தி, நிழலில் பத்துப் பதினைந்து நாள் விடுங்கள். பைக்கு 100 கிராம் வேப்பம்பிண்ணாக்கும் இரண்டு மேசைக்கரண்டி ஜிப்சமும் இப்போதே சேர்த்துவிடலாம். ஜிப்சத்தில் சுண்ணாம்புச்சத்து உண்டு, காரத்தன்மையைக் கூட்டாது, சோடியத்தையும் விரட்ட உதவும். ஆற்றுத் தண்ணீர்க்காரருக்கும் போர்க்காரருக்கும் ஒருசேர நான் சிபாரிசு செய்கிற பொருள் அது ஒன்றுதான்.

நீங்கள் பாதிக்குப் பாதி சாணி போட்டது அதிகம். அதிலும் பாதி மட்கிய சாணி என்றால் சூடு, அமோனியா, அப்புறம் வேரைத் தின்கிற வெள்ளைப் புழு. கைக்கட்டைவிரல் தடிமனில் சுருண்டு கிடக்கும், பையைக் கொட்டும்போது கட்டாயம் இரண்டு மூன்று பார்ப்பீர்கள். எரு என்றால் கையில் எடுத்தால் சாணி வாடையே வரக்கூடாது, மழை பெய்த மண் வாடை வரவேண்டும். ஆட்டுப்புழுக்கை சாணியைவிட வளமானது. கிடை போட்ட வயலில் நெல் கரும்பச்சையாக நிற்பதை நம்ம ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் புழுக்கை முழுசாக இருந்தால் பையில் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். தட்டி நொறுக்கி, நனைத்து, சாக்கு போட்டு மூடி இரண்டு மாதம் வைத்த பிறகு பயன்படுத்துங்கள்.

உரத்தைப் பற்றி நான் சொல்லப்போவது குறைவு. உங்கள் பைகளில் இப்போது சத்துப் பஞ்சம் இல்லை, வழிதான் அடைபட்டிருக்கிறது. பிச்சித் துளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிகிறது என்றீர்கள். புதுத் துளிரில் இப்படி வந்தால் இரும்புச்சத்து இல்லை என்று அர்த்தம். செம்பருத்தியிலும் இட்லிப்பூவிலும் இதையே பார்ப்பீர்கள். மண்ணில் இரும்பு இருக்கிறது, போர்த் தண்ணீரின் சுண்ணாம்பும் காரத்தன்மையும் அதைக் கரையவிடாமல் பிடித்துவைக்கிறது. டிஏபியின் மணிச்சத்து மேலும் பூட்டுப் போடும். அதனால் டிஏபி, எலும்புத்தூள் இரண்டையும் மறந்துவிடுங்கள். எலும்புத்தூள் காரமான மண்ணில் கரையவே கரையாது. உடனடி வைத்தியம்: ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்), 1 கிராம் சிட்ரிக் ஆசிட், சாயங்காலம் இலையில் தெளிப்பு, பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று தடவை. முதலில் ஒரு கிளையில் தெளித்துப் பார்த்துவிட்டு மற்றதுக்குப் போங்கள். பையில் ஊற்றுவதற்கு இடிடிஏ (EDTA) என்று போட்ட இரும்பு உரத்தை வாங்காதீர்கள், காரத்தில் அது நிற்காது. இடிடிஎச்ஏ (EDDHA) என்று போட்டிருப்பது விலை அதிகம், ஆனால் வேலை செய்யும். நிரந்தரமாக வேண்டுமானால் மாதம் இரண்டு தடவை 10 லிட்டர் போர்த் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி சிட்ரிக் ஆசிட் கரைத்து ஊற்றுங்கள்.

பழைய இலை முழுசாக வெளிறி மஞ்சளானால் அது தழைச்சத்து. கடலைப்பிண்ணாக்கை ஊறவைத்த தண்ணீர் போதும்: 1 கிலோவுக்கு 10 லிட்டர், நாலு நாள் ஊறல், பத்து மடங்கு நீர்த்து ஊற்றுவது. மீன் அமிலம் இன்னும் நல்லது, மீன் கழிவும் நாட்டுச்சர்க்கரையும் சம எடை, காற்றுப் புகாமல் ஒரு மாதம், பிறகு லிட்டருக்கு 5 மில்லி. மூடியைத் திறந்து வைத்தால் தெருப் பூனை எல்லாம் மாடிக்கு வந்து குடியேறும், பக்கத்து வீட்டார் பேச்சை நிறுத்துவார்கள், இரண்டும் நடந்தது. பஞ்சகவ்யா லிட்டருக்கு 30 மில்லி, தெளிக்கலாம், கெடுதல் இல்லை. அரிசி கழுவிய தண்ணீர், வெங்காயத் தோல் தண்ணீர், வாழைப்பழத் தோல் தண்ணீர் எல்லாம் ஊற்றுவதால் ஒன்றும் கெடாது, பெரிதாக ஒன்றும் நடக்கவும் நடக்காது.

ரசாயன உரம் என்றாலே விஷம் என்று நினைப்பவன் நானில்லை. பிண்ணாக்கிலிருந்து வந்தாலும் பாக்கெட்டிலிருந்து வந்தாலும் வேர் எடுப்பது அதே நைட்ரேட்டும் அம்மோனியமும்தான். ஆற்றுத் தண்ணீர் உள்ளவர் வாரம் ஒருமுறை லிட்டருக்கு 1 கிராம் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள கரையும் உரம்) கொடுத்தால் தக்காளி அருமையாக வரும். உங்களுக்கு வேண்டாம் என்பதற்குக் காரணம் அதே உப்புக் கணக்கு. உங்களுக்கு மெதுவாகக் கரைகிற பிண்ணாக்கும் மண்புழு உரமும்தான் தோது.

இனி, ஊற்றுவது. எப்போது ஊற்ற வேண்டும் என்பதற்கு விளக்குமாற்று ஈர்க்கை விடப் பெரிய கருவி எனக்குத் தெரியாது. காய்ந்த ஈர்க்கு ஒன்றைப் பையின் நடுவில் முக்கால் உயரம் இறக்கி, ஒரு நிமிஷம் விட்டு உருவுங்கள். அடிவரை நிறம் மாறி, தூள் ஒட்டிக்கொண்டு வந்தால் ஈரம் இருக்கிறது, போய்விடுங்கள். நுனியில் மட்டும் ஈரம் என்றால் ஊற்றுங்கள். முழுக்கக் காய்ந்து வந்தால் நேற்றே ஊற்றியிருக்க வேண்டும். அப்படிக் காய்ந்த பைக்கு ஒரே வேகத்தில் ஊற்றாதீர்கள், கொஞ்சம் ஊற்றி, ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து மறுபடி ஊற்றி, மூன்றாவது தடவைதான் உள்ளே இறங்கும். பழகிவிட்டால் பையைக் காலால் லேசாக நெம்பிப் பார்த்தே சொல்லிவிடலாம்.

காலைதான் நல்ல நேரம். பங்குனி, சித்திரையில் சாயங்காலமும் ஒருமுறை. மத்தியானம் ஹோஸைத் திறந்தால் முதலில் வருகிற தண்ணீரைக் கையில் பிடித்துப் பாருங்கள், வெயிலில் கிடந்த கறுப்புக் குழாயும் சின்டெக்ஸ் தொட்டியும் சேர்ந்து வெந்நீர் போட்டு வைத்திருக்கும். அது ஓடட்டும். பைகளைத் தளத்தில் நேரடியாக வைக்காமல் இரண்டிரண்டு செங்கல் மேல் ஏற்றுங்கள், தளத்தின் சூடு வேரை வேகவைக்காது, அடியில் ஒழுகவும் வழி கிடைக்கும்.

நெல்லைச் சீமையில் வெயிலைவிடத் தொட்டியைக் காயவைப்பது காற்று. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் காற்றுக்குக் குற்றாலத்தில் சாரல் கிடைக்கும். பாளையங்கோட்டைக்கு வரும்போது மழையை மலையிலேயே விட்டுவிட்டு வெறும் காற்றாக வருகிறது. வானம் மூட்டமாக இருக்கிறதே என்று தண்ணீரைக் குறைப்பார்கள், சரியாக அந்த வாரத்தில்தான் தக்காளி பூ உதிர்க்கும். அந்த மாதங்களில் மேற்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டிப் பைகளை நெருக்கி வையுங்கள், மேல் மண்ணில் காய்ந்த சருகோ தேங்காய் மட்டையோ மூடாக்காகப் போடுங்கள். உங்கள் தக்காளிக்கு இனி ஆடி முடிந்து நாற்று விடுங்கள். வயல்காரர்கள் பிசான நெல் சாகுபடிக்குத் தயாராகும்போது நீங்களும் தயாராகுங்கள், ஐப்பசி மழை உப்பையும் கழுவிக் கொடுக்கும்.

மழை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்தது நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பதிவான மழை அது. எங்கள் மாடியில் நார்த்தூள் வழிந்து போய்த் தண்ணீர் இறங்கும் ஓட்டையை அடைத்துக்கொண்டது, ஒரு ராத்திரி முழுக்கப் பைகள் முழங்கால் தண்ணீரில் நின்றன. தெரு இருந்த இருப்பில் யாருக்கும் செடியைப் பற்றி நினைக்க நேரமில்லை. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் தக்காளி எல்லாம் தண்ணீருக்குள் நின்றுகொண்டே வாடியிருந்தது. வேருக்கு மூச்சுவிடக் காற்றில்லாவிட்டால் தண்ணீரை எடுக்க முடியாது. செங்கல் மேல் இருந்த நாலு மிளகாய்ப் பை மட்டும் தப்பியது. புரட்டாசியிலேயே அந்த ஓட்டைக்கு ஒரு வலை போட்டுவிடுங்கள்.

சொட்டுநீர் போடலாம், ஆனால் கலவையும் தண்ணீரும் சரியான பிறகு. இப்போது போட்டால் கரிசலில் சொட்டு ஒரே இடத்தில் குழி பறிக்கும், அவ்வளவுதான். இன்னொரு சிக்கல் அழுத்தம். மாடித் தொட்டி உங்கள் தளத்திலிருந்து 3 மீட்டர் உயரம் என்றால் கிடைப்பது 0.3 பார்தான். கடையில் தருகிற “அழுத்தம் சமன்செய்யும்” டிரிப்பருக்கு ஏறத்தாழ 1 பார் வேண்டும், அது சரியாகச் சொட்டாது. திருகிக் கூட்டிக் குறைக்கிற டிரிப்பரை வாங்குங்கள். தானியங்கி டைமர் வைப்பதாக இருந்தால் அழுத்தமில்லாத தொட்டிக்கு என்று கேட்டு, பந்து வால்வு (ball valve) உள்ளதாகப் பாருங்கள். போர்த் தண்ணீரில் சுண்ணாம்பு படிந்து துளை அடைக்கும். மாதம் ஒருமுறை டிரிப்பரைக் கழற்றி வினிகரில் ஊறப்போட வேண்டும். வாரத்தில் ஒருநாளாவது கையால் ஊற்றி அடிவரை கழுவ வேண்டும், ஏனென்றால் சொட்டுநீர் உப்பை வெளியேற்றாமல் ஓரத்துக்குத் தள்ளி வைத்துவிடும்.

நாலு நாள் கல்யாணம், கோயில் கொடை என்று ஊருக்குப் போவதற்குத்தான் இவ்வளவும் என்றால் திரி போதும். பழைய பாலியஸ்டர் சேலையை இரண்டு விரல் அகலத்தில் கிழித்து முறுக்கி, ஒரு நுனி பைக்குள் ஒரு சாண் ஆழத்தில், மறுநுனி பக்கத்தில் வைத்த வாளியில். பருத்தித் துணி வேண்டாம், ஒரு மாதத்தில் மக்கிவிடும். பெரிய பைகளுக்குக் கலயம் புதைப்பது இன்னும் அழகான வழி. காருக்குறிச்சியில் சுட்ட சின்ன மண் கலயமாக வாங்கி, கழுத்துவரை மண்ணில் புதைத்து, தண்ணீர் நிரப்பி, தட்டுப் போட்டு மூடுங்கள். மண் காயக் காயக் கலயம் தானாகக் கசியும், வேர் வந்து அதைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். பூச்சு, வண்ணம் இருக்கக்கூடாது. பனையேறியிடம் பழைய பதநீர்க் கலயம் சும்மா கிடைக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள், உள்ளே சுண்ணாம்பு தடவித் தடவித் துளையெல்லாம் அடைந்திருக்கும். உங்கள் போர்த் தண்ணீரிலும் ஒரு வருஷத்தில் அடையும், குழாய்த் தண்ணீர் வருகிற அன்று ஒரு குடம் பிடித்துக் கலயத்துக்கென்று ஒதுக்குங்கள்.

கறிவேப்பிலைக்கு வருகிறேன். அம்மா வீட்டில் தரையில் நின்றது, கிணற்றடி என்றால் கேட்கவே வேண்டாம். உங்களிடம் வந்து 9 அங்குலப் பையில், கரிசலில், போர்த் தண்ணீரில் நிற்கிறது. வேர் பையின் அடியில் சுற்றிக்கொண்டிருக்கும். 15-க்கு 15 அங்குலப் பைக்கு மாற்றுங்கள், நான் சொன்ன போர்க் கலவையில், ஆடிக் காற்று அடங்கிய பிறகு. மாற்றும்போது சுற்றிய வேரைக் கத்தியால் மூன்று இடத்தில் கீறிவிடுங்கள், தண்டை ஒரு முழ உயரத்துக்கு வெட்டிவிடுங்கள், மனசு வராது, வெட்டுங்கள். புளித்த மோர் ஊற்றச் சொல்லி அம்மா சொல்லியிருப்பார்கள். ஊற்றலாம், ஒரு டம்ளர் மோருக்கு ஐந்து டம்ளர் தண்ணீர், உப்புப் போடாத மோராகப் பார்த்து.